காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று

மூன்றாம் மாதம்தான் கவனித்தேன்.
சீப்பில் வந்தது போக
சோற்றில் ஒன்று,
ஈரச் சட்டையில் நாலைந்து.
முகக்கண்ணாடியின் ரப்பர் வாரைக் கழற்றினால்
அதோடு வந்துவிட்டது ஒரு பிடி.

வலிப்பு முதலில் வந்தது தண்ணீருக்குள்.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்,
இரண்டு ஆள் ஆழம்.
பாறையில் கை வைத்ததுவரை ஞாபகம்.
அப்புறம் வள்ளத்துப் பலகை,
என் கொண்டையை இன்னும் விடாத
நம்புசெல்வியின் விரல்கள்.
"கையைப் பிடிச்சா வழுக்குது,
துணியைப் பிடிச்சா கிழியுது,
முடியைப் பிடிச்சுத்தான் தூக்குனேன்" என்றாள்.
இரண்டு நாள் உச்சந்தலை வலித்தது.
அந்த வலி பிடித்திருந்தது எனக்கு.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
தலையெல்லாம் பசை தடவி வயர் ஒட்டினார்கள்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று,
ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.
டாக்டர் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது.
முதல் பேச்சை நான் கேட்டேன்.
இரண்டாவதை, டாக்டரம்மா,
வட்டிக்காரரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு நின்றது.
முடி கிளம்பியது.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்:
சின்னப்பாலத்து உப்புத் தண்ணீர்,
எவள் கண்ணோ,
போன ஆடியில் முடிக்காத நேர்ச்சை.
மாத்திரை என்று ஒருவரும் சொல்லவில்லை.
மாத்திரை நல்லது செய்ய வந்ததல்லவா.

சிக்குமுடி வாங்குகிறவர் சைக்கிளில் வந்தார்,
ஸ்பீக்கரில் தன் குரலையே ஓடவிட்டு.
பால்கவரில் சேர்த்ததைக் கொடுத்தேன்.
விரலால் பிரித்துப் பார்த்து
"வெட்டுனதா, உதிர்ந்ததா?" என்றார்.
"கழிஞ்சது" என்றேன்.
நிறுத்தார். ஒரு எவர்சில்வர் டப்பா தந்தார்,
மூடி கொஞ்சம் இறுக்கம்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சீப்பு ஏதோ சுத்தமாவது போலத்தான் இருந்தது.
ஒன்பதாம் நாள் ரேஷன் கடை வரிசையில் விழுந்தேன்.
நாக்கில் பல், மண்ணில் அரிசி.
கடலாயிருந்தால் என்று யாரும் சொல்லவில்லை,
அத்தனை பேரும் குனிந்து அரிசி பொறுக்கினார்கள்.

டாக்டரம்மா ஏசவில்லை.
காதோரம் கொஞ்சம் முடியை இரு விரலில் இழுத்து
வெளிச்சத்தில் பார்த்தார்.
"வேர் சாகலை, ஓய்வெடுக்குது.
சிலருக்கு இந்த மருந்து இப்படிச் செய்யும்.
அளவை நான் மாத்துறேன்.
நீங்களா நிறுத்தாதீங்க."
ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன்.
வெளியே நூறு பேர் நின்றார்கள்.

மருந்துச்சீட்டு வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு பையன்,
சிறுநீரகம் மாற்றியவனாம்.
அவன் மாத்திரை வேறு ஜாதி:
புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது,
கன்னத்தில், கழுத்தில், புறங்கையில் கருகரு முடி.
அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, மேல் பட்டன்வரை.
என் முக்காட்டை அவன் பார்த்தான்.
அவன் கையை நான் பார்த்தேன்.
ஒருவரிடம் உபரி, ஒருவரிடம் பஞ்சம்,
கொடுக்கல் வாங்கலுக்கு வழியில்லாத
இரண்டு கடைக்காரர்கள்.
அவன்தான் முதலில் சிரித்தான்.

இப்போது எட்டு மாதமாய்க் கரையில்.
மற்றவர்கள் முங்கி எடுத்ததைக்
காயவைக்கிறேன், கல் பொறுக்குகிறேன், பாதிக் கூலி.
இந்தப் பாசி மாத்திரைக்குள்ளும் போகிறது
என்கிறார் ஏஜெண்ட்.
நிஜமோ, விலை குறைக்கப் போகுமுன்
பெருமை ஊட்டிப் பார்க்கிறாரோ.

முடி வருகிறது.
என் முடி இல்லை, வேறு எவளுடையதோ:
நேராய்த் தொங்கியது போய்
சுருள் சுருளாய், முரட்டுத்தனமாய்.
அப்படியும் வருமாம் சிலருக்கு.
"தலையில மரிக்கொழுந்து வச்சிருக்கே" என்கிறாள் நம்புசெல்வி.
பூக்கடை மரிக்கொழுந்தைச் சொல்லவில்லை,
பாறையில் நாங்கள் பறிக்கும் பாசியை.

டப்பாவில் மாத்திரை இருக்கிறது.
அந்த இறுகிய மூடியின் சத்தத்தில்
வீடே எழுந்துவிடும் காலையில்.

ஞாயிறுதோறும் வருகிறாள் நம்புசெல்வி.
வந்ததும் வராததுமாய்
பின்மண்டைச் சுருளுக்குள் விரல் விட்டு
ஒரு சுண்டு சுண்டி இழுக்கிறாள்.
டாக்டரம்மா தேதி சொல்லட்டும்,
அவளுக்கு வேறு கணக்கு.

"இன்னும் பிடிக்குப் பத்தாது."

நைலான் கயிறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்,
பன்னிரண்டு முழம்.
அதை அவள் சொல்லவில்லை.
வள்ளத்து அணியத்துக்கடியில் நானே பார்த்தேன்.